பதினைந்து வருஷம் பட்டாளம், இனி சர்ஜன் ஆகலாமா?

கேள்வி:

டாக்டர் சார், எனக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம். வயது 33. பிளஸ் டூ முடித்த கையோடு ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன். இன்னும் சில மாதங்களில் 15 வருடம் முடிந்து பென்ஷனில் வருகிறேன். மனைவி, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள். ஊருக்கு வந்ததும் நீட் எழுதி எம்.பி.பி.எஸ். படித்து, சர்ஜன் ஆக வேண்டும் என்று ஆசை. மாமனார் வீட்டில் "இந்த வயசுல புத்தகப் பையைத் தூக்கப் போறீங்களா மாப்பிள்ளை" என்கிறார்கள். அது பரவாயில்லை. என்னை அரிப்பது வேறு. ஆறு வருடத்துக்கு முன்னால் எல்லையில் ஒரு போஸ்ட்டில், கண்ணிவெடியில் சிக்கிய பையன் ஒருவன் என் மடியில் இறந்தான். அன்றிலிருந்து எனக்கு அழுகை வருவதில்லை. அப்பா இறந்தபோதும் வரவில்லை. கல் மாதிரி நின்று எல்லா வேலையையும் பார்த்தேன், ஊரே பேசியது. இப்படி மரத்துப் போனவன் நோயாளிகளிடம் கருணையோடு நடக்க முடியுமா? இல்லை, இந்த ஆசையை விட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பதுதான் நல்லதா?

பதில்:

தம்பி, முடியும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் நிதானமாகப் பேசுவோம்.

நானும் பட்டாளத்தில் இருந்தவன்தான். மதுரை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு ராணுவத்தில் ஷார்ட் சர்வீஸ் என்கிற குறுகிய காலப் பணியில் ஐந்து வருடம் இருந்தேன். அதில் ஒன்றரை வருடம் காஷ்மீரில் ஒரு காலாட்படை பட்டாலியனுக்கு ஆர்.எம்.ஓ., அதாவது படையோடே இருக்கிற டாக்டர். பிறகு வெளியே வந்து பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். படித்து, இருபது வருடத்துக்கு மேலாக மதுரையில்தான் வேலை. அதனால் நீங்கள் எழுதியிருக்கும் அந்த மடி எனக்குத் தெரியும். என்னுடைய எய்ட் போஸ்ட்டிலும் அப்படி ஒருவன் இருந்தான். ரத்தத்தை நிறுத்த டூர்னிக்கே கட்டுப் போட்டாயிற்று, டிரிப் ஏற்றியாயிற்று, ஹெலிகாப்டர் மேகம் விலகுவதற்காகக் கீழே காத்துக்கொண்டிருந்தது. அவன் டீ கேட்டான். வயிற்றில் அடி இருக்குமோ என்று சந்தேகம், கொடுக்கக் கூடாது என்று உங்களுக்கே தெரியும். பஞ்சை நனைத்து உதட்டில் மட்டும் தடவினேன். அரை மணி நேரத்தில் போய்விட்டான். அந்த டீயைக் கொடுத்திருக்கலாமே என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போதும் சில நாள் நினைப்பேன்.

அழுகை வராததைப் பற்றி முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் நீங்கள் அதைக் குணம் என்று நினைக்கிறீர்கள், எனக்கு அது காயம் மாதிரி தெரிகிறது. கண்ணிவெடிக் காயத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேலே தெரிவதைவிட உள்ளே பத்து மடங்கு இருக்கும், மண்ணும் பூட்ஸ் தோலும் சாக்ஸ் துணியும் சதைக்கு நடுவே புகுந்து மேலே வரைக்கும் ஏறியிருக்கும். அதனால்தான் அதை அன்றைக்கே தைத்து மூடக் கூடாது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், சுத்தம் பண்ணித் திறந்தே விட்டு, நாலைந்து நாள் கழித்துப் பார்த்து, சுத்தமாக இருந்தால்தான் தையல். உங்கள் காயத்தை நீங்கள் அன்றைக்கே தைத்துவிட்டீர்கள் தம்பி. அங்கே வேறு வழி இருந்திருக்காது, மறுநாள் காலை அடுத்த பேட்ரோல் கிளம்பியிருக்கும், நீங்களும் கூடவே போயிருப்பீர்கள். ஆனால் உள்ளே மண் இருக்கிறது.

சில கேள்விகள் கேட்கிறேன், எனக்குப் பதில் எழுத வேண்டாம், உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். ஊர்த் திருவிழாவில் வேட்டுப் போட்டால் உடம்பு தூக்கிப்போடுகிறதா? ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்து அப்புறம் தூக்கம் வராமல் கிடக்கிறீர்களா? அந்தப் பையனின் ஊர்க்காரர்கள் போன் பண்ணினால் எடுக்காமல் இருக்கிறீர்களா? மகள் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது உள்ளே ஒன்றும் அசையாத மாதிரி இருக்கிறதா? இதில் ஒன்றிரண்டுக்கு ஆமாம் என்றாலும் மனநல மருத்துவரைப் போய்ப் பாருங்கள். அதற்கு வைத்தியம் இருக்கிறது, பேச்சு வழியாகவும் உண்டு, தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. ஓய்வுக்குப் பிறகு முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக் மதுரையிலேயே இருக்கிறது, அங்கிருந்து எழுதி வாங்கிக்கொண்டு போகலாம். பெரியாஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அது அரசின் மனநல உதவி எண், அதற்குப் போன் போட்டுத் தமிழிலேயே பேசலாம். நீட் விண்ணப்பத்துக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். படிப்புக்கும் இதுதான் அடித்தளம், தூங்காத மூளையில் இயற்பியல் ஏறாது.

அழாதவனுக்குக் கருணை வராது என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் பார்த்த வரைக்கும் அது சரியில்லை. கேட்டதும் கண் கலங்கிவிட்டு, அடுத்த நிமிஷம் பெட்டைத் தாண்டிப் போய்விடுகிற டாக்டர்களையும் பார்த்திருக்கிறேன், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் ராத்திரி பதினொன்றரைக்கு மறுபடி வந்து வடிகுழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நோயாளிக்கு இரண்டாமவர்தான் வேண்டும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எம்.எஸ். படிக்கும்போது டிரெஸ்ஸிங் ரூமில் இருந்த ஒரு சிஸ்டர். பட்டாளத்தில் இருந்து வந்த புதிது, கை வேகம் குறையவே இல்லை. பழைய காஸ், அதாவது புண்ணில் வைக்கிற வலைத்துணி, புண்ணோடு ஒட்டிக் காய்ந்து போயிருக்கும், அதை ஓரத்தில் பிடித்து ஒரே இழுப்பு. சட்டென்று முடித்தால் வலி குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஜவான் பல்லைக் கடித்துக்கொண்டு "டீக் ஹை சாப்", பரவாயில்லை சார், என்பான், அதையே உண்மை என்று நம்பிப் பழகிவிட்டேன். அன்றைக்கு வந்தது சோழவந்தான் பக்கம் ஒரு பாட்டி, முதுகில் கட்டியை அறுத்துவிட்டிருந்தது. நான் காஸின் ஓரத்தைப் பிடித்ததும் சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நனைச்சு விடுங்க சார், அதுவா வரும்." சலைன் பாட்டிலைச் சாய்த்து, காஸ் முழுக்க ஊற ஊற விட்டார். அப்புறம் பாட்டி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கத்தரிக்காய் இந்த வருஷம் என்ன விலைக்குப் போச்சு என்று கேட்டார். பத்து நிமிஷம். எனக்கோ வெளியே இன்னும் இருபது பேர் நிற்கிறார்களே என்று கால் தரையில் நிற்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து அவர் இரண்டு விரலால் எடுத்தார், ஈர இலை மாதிரி காஸ் தானாகக் கழன்று வந்தது, பாட்டி பேச்சை நிறுத்தவே இல்லை, எடுத்தது கூடத் தெரியவில்லை. ஒட்டின காஸைப் பிய்த்தால் புதிதாக வளர்கிற சதையும் கூடப் பிய்ந்து வரும், புண் ஆற நாள் கூடும் என்பது புத்தகத்தில் எனக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் நான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குப் புண் கட்டத் தெரியும். நாளைக்கே யூனிட்டில் இதைச் செய்து பார்க்கலாம், அதற்கு எம்.பி.பி.எஸ். தேவையில்லை.

இப்போது ஒரு தவறைச் சொல்கிறேன். என்னுடையது. அப்போது சர்ஜனாகி ஒரு வருடம் கூட ஆகவில்லை. செல்லூரில் குழித்தறி நெய்கிற ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல், சர்க்கரை நோய். வலது காலில் இரண்டு விரல் கறுத்துவிட்டது, சீழ் பாதத்துக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. அந்த இரண்டு விரலையும் அதை ஒட்டிக் கெட்டுப்போன சதையையும் எடுத்துவிட்டால் பாதத்தைக் காப்பாற்றிவிடலாம், நல்ல வாய்ப்பு இருந்தது. வார்டு வராந்தாவில் நடந்துகொண்டே அவர் மனைவியிடம் "காலை எடுக்கணும், சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க, நாளைக்கு மொத கேஸ்" என்றேன். முன்னணியில் பேசுகிற மாதிரி, சுருக்கமாக, தெளிவாகச் சொல்லிவிட்டதாகத்தான் எனக்கு நினைப்பு.

நம் ஊரில் விரல் நுனியில் இருந்து தொடை வரைக்கும் எல்லாமே கால்தான். அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. அவருக்கோ குழிக்குள் காலை விட்டு மிதியை அழுத்தினால்தான் சோறு. ராத்திரியோடு ராத்திரியாக, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். காலையில் ரெஜிஸ்டரில் தப்பிப் போனதாக ஒரு வரி எழுதினார்கள், நானும் கோபத்தோடு அடுத்த கேஸை எடுத்தேன். பன்னிரண்டு நாள் கழித்து ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பச்சிலை கட்டியிருந்தது, கட்டைப் பிரித்தபோது முழங்கால் வரைக்கும் போயிருந்தது, காய்ச்சலில் ஆளுக்கு நினைவு தப்பியிருந்தது. முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது. உயிர் பிழைத்தார். முழங்கால் மூட்டு இருந்தால் செயற்கைக் கால் போட்டு நடப்பது எவ்வளவோ லேசு, அது போய்விட்டால் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு படுகிற பாடே வேறு. தறியில் அவர் மறுபடி உட்காரவில்லை.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். திட்டுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். "சார், அன்னைக்கு நீங்க எடுக்கணும்னு சொன்னது ரெண்டு விரலத்தானாமே, சிஸ்டர் சொன்னாங்க. நாங்க முழுக் காலுன்னு நெனச்சுப்புட்டோம் சார்." அவ்வளவுதான் சொன்னார்கள். கோபம் இல்லை, சத்தம் இல்லை. அந்தக் குரலை நான் மறக்கவில்லை.

அன்றிலிருந்து கால் கேஸ் எது வந்தாலும் ஒரு வெள்ளைத் தாளில் பாதத்தை வரைகிறேன், எங்கே வெட்டுவோம் என்று பேனாவால் கோடு போடுகிறேன், நோயாளியிடமே தாளைக் கொடுத்து "எது போகும், எது நிக்கும், நீங்க எனக்குச் சொல்லுங்க" என்று கேட்கிறேன். வீட்டில் முடிவெடுக்கிறவர் யார் என்று கேட்டு அவரையும் கூப்பிடச் சொல்கிறேன், பல நேரம் அவர் வார்டுக்குள்ளேயே இருக்க மாட்டார், வெளியே டீக்கடையில் நிற்கிற மூத்த மச்சினனாக இருப்பார். நின்றுகொண்டு பேசுவதில்லை, உட்கார்ந்துதான் பேசுகிறேன். மொத்தம் பதினைந்து நிமிஷம் ஆகும். அந்தப் பதினைந்து நிமிஷம் அன்றைக்கு என்னிடம் இருந்தது தம்பி, நான்தான் கொடுக்கவில்லை.

பட்டாளம் நம்மை எதில் கெடுக்கிறது என்றால் இதில்தான். அங்கே ஆர்டர் கொடுத்தால் நடக்கும். ஜவான் மாத்திரை சாப்பிட்டே ஆக வேண்டும், படு என்றால் படுத்தே ஆக வேண்டும், மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வழியில்லை. இங்கே வருகிறவர் நம் ஆள் இல்லை, பயந்து போய் வந்த விருந்தாளி. "ஒண்ணும் இல்ல டாக்டரே, லேசா வலி" என்பார், வயிற்றில் கை வைத்தால் பலகை மாதிரி இருக்கும். கீழமாசி வீதியில் மூட்டை தூக்குகிறவர் குடலிறக்கத்துக்கு வருவார், ஆபரேஷனுக்குப் பயப்பட மாட்டார், "எத்தனை நாள் கழிச்சு மூட்டை தொடலாம்" என்பது ஒன்றுதான் அவர் கேள்வி. ரெண்டு மாசம் கனம் தூக்காதே என்று எழுதிக் கொடுத்துவிட்டு நாம் போய்விடலாம். ரெண்டு மாசம் கூலி இல்லாமல் அவர் எதைச் சாப்பிடுவார், அந்த இடைவெளியில் கடை முதலாளி உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது தருவாரா, ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தால் உதவுமா என்று கேட்பதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான். இதைக் கேட்காமல் அனுப்பினால் இருபதாவது நாளே மூட்டை தூக்கி, மறுபடி நம்மிடமே வருவார்.

அதே பட்டாளம் கொடுத்ததும் நிறைய. சாயங்காலம் கோத்தில், அதாவது ஆயுதக் கிடங்கில், ஆயுதம் எண்ணுவார்களே, ஒன்று குறைந்தால் முழு கம்பெனியும் நிற்குமே, ஆபரேஷனில் வயிற்றை மூடுவதற்கு முன்னால், ரத்தம் ஒற்றுகிற மாப் துணிகளை எண்ணும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் அதுதான் ஞாபகம் வரும். சிஸ்டர் கணக்கில் ஒன்று இடிக்கிறது என்றால் மயக்க மருந்து டாக்டர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் நான் தைக்க மாட்டேன். பொங்கல் சமயத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக மூன்று நாள் மாடு பிடி நடக்கும், வயிற்றில் கொம்பு இறங்கியவர்கள் வருவார்கள். தோலில் ஒரு ரூபாய் அளவு ஓட்டைதான் இருக்கும், உள்ளே குடல் எத்தனை இடத்தில் கிழிந்திருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும். ஒரே நேரத்தில் நாலு பேர், சுற்றிலும் நாற்பது பேர் கூச்சல். யாரை முதலில் உள்ளே எடுப்பது, யார் காத்திருக்கலாம் என்று பிரிப்பதற்கு எனக்குக் கை நடுங்கியதில்லை. உங்களுக்கும் நடுங்காது. பதினெட்டு வயதில் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகள் இதைக் கற்றுக்கொள்ள எத்தனையோ வருடம் ஆகும்.

போர்க்களத்தில் இருந்துதான் பாதி அறுவை சிகிச்சையே வந்தது என்று சொல்வார்கள். அதில் எனக்குப் பிடித்தது பிரெஞ்சுக்காரர் ஆம்ப்ருவாஸ் பரே, நாவிதராகத் தொழில் பழகிப் படையில் சர்ஜனாகப் போனவர். 1537ல் இத்தாலியில் டூரின் பக்கம் சண்டை. துப்பாக்கிக் குண்டுக் காயத்தில் விஷம் இருக்கிறது என்று நம்பி, கொதிக்கிற எண்ணெயைக் காயத்தில் ஊற்றுவது அந்தக் கால வழக்கம். எண்ணெய் தீர்ந்துபோனதால் மிச்சம் இருந்தவர்களுக்கு முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் குழைத்துப் போட்டுவிட்டார். அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் இல்லை, எண்ணெய் ஊற்றாத ஆட்கள் விஷம் ஏறிச் செத்திருப்பார்கள் என்று பயம். விடிந்தும் விடியாமலும் எழுந்து போய்ப் பார்த்தால் அவர்கள்தான் வலி குறைந்து தூங்கியிருந்தார்கள், எண்ணெய் ஊற்றினவர்கள் வீக்கத்திலும் காய்ச்சலிலும் துடித்துக்கொண்டிருந்தார்கள். இனிமேல் யாருக்கும் அப்படிச் சுடுவதில்லை என்று முடிவு செய்தார். அவர் விடியற்காலையில் எழுந்து போனதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எதைப் போட்டோம் என்பதோடு நிறுத்திக்கொண்டு தூங்கியிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது.

அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம், நம் மதுரையிலேயே ஒருவர் இருந்தார். அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்துக்காரர், 1918ல் பிறந்தவர். கண் டாக்டர் என்று எல்லோருக்கும் தெரியும், அவர் பட்டாளத்தில் இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. சென்னையில் மருத்துவம் முடித்துவிட்டு ராணுவ மருத்துவப் படைக்குப் போனார். பிரசவ மருத்துவர் ஆக வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். முடக்குவாதம் வந்து கை கால் மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டு, 1948ல் ராணுவத்தில் இருந்து விடுவித்து அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது முப்பது, உங்களைவிடச் சின்னவர். நீண்ட காலம் படுக்கை. விரல்கள் கோணியது கோணியதுதான், கடைசி வரைக்கும் நிமிரவில்லை. பிரசவம் பார்க்க அந்தக் கை உதவாது என்றானதும் கண் மருத்துவம் படித்தார், கத்தியைப் பிடிக்கவே புதிதாகப் பழகினார். அந்தக் கையால் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண் ஆபரேஷன் செய்தார். அரசு வேலையில் 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகு, 1976ல், பதினோரு படுக்கையோடு ஆரம்பித்ததுதான் இன்று அண்ணாநகரில் நீங்கள் பார்க்கிற அந்த மருத்துவமனை. வலியோடு மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்து, யாராவது வந்து என்ன ஏது என்று கேட்க மாட்டார்களா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அடுத்தவன் கட்டில் வேறு மாதிரித்தான் தெரியும். இது என் எண்ணம்தான், ஆனால் நான் இதை நம்புகிறேன். உங்கள் மடியில் கிடந்த பையனும் உங்களுக்கு அப்படி ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறான்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம், ஏனென்றால் வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஆறுதல் பேச்சு போதாது, வருடக் கணக்கு வேண்டும்.

நீட் எழுத முன்பு பொதுப்பிரிவுக்கு 25 வயது வரம்பு வைத்திருந்தார்கள், 2022ல் அதை எடுத்துவிட்டார்கள். ஆக வயது தடையில்லை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்துப் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் இருக்க வேண்டும், பழைய மார்க் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். தேர்வுக்கு 720 மதிப்பெண், அதில் பாதி, அதாவது 360, உயிரியல். உங்களுக்கு உடம்பு தெரியும், மருந்து தெரியும், அந்தப் பாதியில் சீக்கிரம் பிடிப்பு வந்துவிடும். இயற்பியல்தான் கழுத்தைப் பிடிக்கும், பதினைந்து வருடம் கணக்குப் போடாத கை. அதற்கு மட்டும் ஒரு நல்ல வாத்தியாரிடம் போய் உட்காருங்கள், பக்கத்தில் இருப்பது உங்கள் அக்கா மகன் வயதுப் பையனாக இருந்தாலும் பரவாயில்லை. தமிழிலும் எழுதலாம். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிப்பார்கள், தெரியாததை விட்டுவிடப் பழகுங்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் பாருங்கள். ஆறாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2020ல் இருந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, உங்கள் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அதில் சேர்த்தி. அந்த இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொள்கிறது. நீங்கள் அப்படிப் படித்தவர் என்றால் பள்ளிச் சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துக்கொண்டு, விண்ணப்பம் வரும்போது தேர்வுக் குழு வெளியிடும் விளக்கக் கையேட்டை வரி வரியாக வாசியுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒரு நடை போய், உங்களுக்கும் மகளுக்கும் படிப்பு உதவி என்னென்ன உண்டு என்று கேட்டுவிட்டு வாருங்கள். அந்த ஒதுக்கீடு இல்லாவிட்டாலும் அரசுக் கல்லூரியில் கட்டணம் ஆயிரங்களில்தான், லட்சங்களில் இல்லை. தனியார் கல்லூரி நிர்வாக இடத்துக்கு நிலத்தை விற்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். அதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ள மாட்டேன், மகளுக்கும் ஒரு படிப்பு இருக்கிறது.

எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், அதோடு ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன். 34ல் சேர்ந்தால் நாற்பதை ஒட்டி முடிப்பீர்கள். பிறகு பி.ஜி. நீட், எம்.எஸ். மூன்று வருடம். தனியாக நின்று கத்தி பிடிக்கும்போது 45 ஆகியிருக்கும். மகள் அப்போது காலேஜ் போய்க்கொண்டிருப்பாள். இந்த எண்ணை மறைக்காமல் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். பென்ஷன் வரும், ஆனால் பத்து வருடத்துக்கும் மேலாகக் குடும்பத்தைத் தாங்கப் போவது அவர்தான், மாமனார் வீட்டுப் பேச்சையும் அவர்தான் கேட்கப் போகிறார். அவர் மனசார சரி என்று சொல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். கூடவே அந்தப் பையனைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள், இத்தனை வருடத்தில் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டு தடவை எழுதுங்கள். முழு மூச்சாக இரண்டு தடவை. கிடைக்கவில்லை என்றால் மூன்றாவது வருடத்தை அதில் கொட்ட வேண்டாம் என்பது என் கருத்து, வேறு சிலர் வேறு மாதிரி சொல்லலாம். ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி, பிசிஷியன் அசிஸ்டென்ட் என்று பட்டப் படிப்புகள் இருக்கின்றன, உங்கள் அனுபவத்துக்குத் தியேட்டரில் உடனே மரியாதை கிடைக்கும். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் கையைப் பிடித்து நிறுத்திய சிஸ்டர் எந்த எம்.எஸ்.ஸும் படித்தவர் இல்லை.

கத்தியைத் தொடுவதற்கு இன்னும் பல வருடம் இருக்கிறது என்றாலும், கையைச் சும்மா வைக்க வேண்டாம். கட்டில் காலில் நூலைக் கட்டி ஒற்றைக் கை முடிச்சுப் பழகுங்கள், இடது கையாலும். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பழகினோம், ஹாஸ்டல் நாற்காலியில் எல்லாம் கறுப்பு நூல் தொங்கும். யூனிட்டில் கடைசி மாதங்களில் சிக் பரேட்டில் உடம்பு சரியில்லை என்று வரிசையில் வருகிறவர்களைப் பார்க்கும்போது ஒவ்வொருவரிடமும் வலியைக் கேட்ட பிறகு இன்னும் ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள், வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று. கேட்டுவிட்டுப் பதில் வரும் வரைக்கும் ரெஜிஸ்டரைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பாருங்கள். ஆரம்பத்தில் செயற்கையாக இருக்கும், எனக்கும் இருந்தது.

லீவில் ஊருக்கு வரும்போது மதுரைக்கு ஒரு நடை வாருங்கள். புதன்கிழமை காலையில் நான் சர்க்கரைக் கால் புண்களுக்குக் கட்டுப் போடுகிற நாள், எட்டு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். வெள்ளைக் கோட்டு எதுவும் வேண்டாம், கையைக் கழுவிவிட்டு என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். சலைன் பாட்டிலை நீங்கள் பிடித்துக்கொள்ளலாம், ஊறுகிற வரைக்கும் அவர்களோடு பேசிக்கொண்டிருக்கவும் ஓர் ஆள் எனக்கு வேண்டியிருக்கிறது.